அவுத்துக்கலாம்

இரண்டாவதும் பெண் என்றதும் மூன்று நாளாக வார்டுப் பக்கமே வராத தனபால், கருத்தடை ஆபரேஷன் என்றதும் ஓடி வந்துவிட்டான்.

"நீங்க பண்ணிக்கலாமே சார்? பத்து நிமிஷ வேலை, கத்திகூட வேணாம்" என்றாள் நர்ஸ்.

"உழைக்கிற உடம்பு சிஸ்டர், வெயிட்டு தூக்கணும்."

கூரியர் ஆபீஸில் அவன் தூக்குவது ரப்பர் ஸ்டாம்ப். கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவி வளர்மதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிரசவத் தையல் இழுத்தது.

அவன் அவள் காதருகே குனிந்தான். "பயப்படாத. குழாய்ல முடிச்சுத்தான் போடுவாங்களாம். பின்னால பையன் வேணும்னா அவுத்துக்கலாம். அம்மா சொன்னாங்க."

நர்ஸ் வாயைத் திறந்தாள். வளர்மதி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். முடிச்சு மட்டுமல்ல, குழாயை வெட்டியும் விடுவார்கள். மறுபடி சேர்த்தாலும் பிள்ளை தங்கும் என்று உறுதியில்லை. ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தில் தமிழிலேயே போட்டிருந்தது. அவள் இரண்டு முறை வாசித்திருந்தாள். பி.காம் முடித்த தனபால் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

"உங்களது வேணாம் சார். அவங்க போட்டாப் போதும்."

"அப்ப நான் எதுக்கு?"

பக்கத்துக் கட்டில்காரி பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே குலுங்கிச் சிரித்தாள். வளர்மதி கையெழுத்திட்டு, பேனாவை மூடினாள்.