குதிரை தும்மிய கதை

பாதிப் புத்தகத்தைத் தாண்டியதும்தான் தங்கைக்குத் தெரிந்தது, அக்கா அந்தக் காலத்தில் தன் காதில் நன்றாகப் பூ சுற்றியிருக்கிறாள் என்று.

தங்கை ஒரு வாரப் பத்திரிகையில் புத்தக விமர்சனம் எழுதுகிறவள். கறார் பேர்வழி. மனதில் பட்டதைப் பூசி மெழுகாமல் எழுதிவிடுவாள். 'எல்லாம் இருக்கிறது, உயிர்தான் இல்லை' என்று அவள் எழுதினால், அந்த எழுத்தாளருக்கு ஒரு வாரம் சோறு இறங்காது.

அவளிடம்தான் 'மந்திரப் படகுக்காரி' என்ற பழைய நாவலின் மறுபதிப்பைக் கொடுத்து, நிறை குறை எழுதச் சொல்லியிருந்தார் பத்திரிகை ஆசிரியர்.

தலைப்பைப் பார்த்ததுமே அவளுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. பதினோரு வயதில் பந்து பட்டு, இரண்டு கண்ணிலும் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கல்லூரி விட்டு வந்து அக்கா தினமும் படித்துக் காட்டிய கதை. மருந்து வாசனை, ஆடுகிற ஸ்டூல், அக்காவின் குரல். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கப்புறம் இருந்ததே இல்லை.

மந்திரத்துக்குத் தடை போட்ட நாடு. திருட்டுத்தனமாக மந்திரம் கற்ற படகோட்டி மகள். மந்திரக்காரர்களைப் பிடிக்க வந்து, அவளிடமே மனதைப் பறிகொடுக்கிற இளவரசன். ஒவ்வொரு மந்திரத்துக்கும் அவள் தன்னிடமுள்ள ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அவன் உயிரைக் காப்பாற்றத் தன் பார்வையையே கொடுத்துவிடுகிறாள்.

அதற்கு மேல்தான் கதையே. இளவரசன் தினமும் வந்து இன்றைக்கு வானம் என்ன நிறம் என்று சொல்வான். அவன் காதலைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவனுடைய குதிரை தும்மித் தொலைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் பார்வை திரும்பும். முதலில் தெரிவது அவனுடைய காது. "இவ்வளவு பெரிசா?" என்பாள்.

அந்தக் கதையை அளவுகோலாக வைத்துத்தான் இத்தனை வருஷமாக எல்லா எழுத்தாளர்களையும் ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தாள் தங்கை.

புத்தகத்தில் காதும் இல்லை, தும்மலும் இல்லை. பார்வை போன அடுத்த அத்தியாயத்திலேயே இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். படகோட்டி மகள் கடைசிவரை பார்வை திரும்பாமலே செத்துப்போகிறாள்.

நிறை: மந்திரத்துக்கு ஒரு விலை வைத்தது, படகில் நடக்கும் முதல் சந்திப்பு. குறை: பின்பாதி முழுவதும். எழுதி முடித்த பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக அந்தப் புத்தகத்தைத்தான் கேட்டாள். வாடகை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று அக்கா கையை விரித்துவிட்டாள். அதன் காரணம் இப்போதல்லவா தெரிகிறது.

போன் போட்டாள். அக்கா இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறாள். மருந்துச் சீட்டைத் தவிர அவள் வேறெதையும் படித்து யாரும் பார்த்ததில்லை.

காது, குதிரை எல்லாவற்றையும் சொல்லித் தங்கை பொரிந்து தள்ளினாள். "இத்தனை வருஷம் என்னை ஏமாத்தியிருக்கே. ஏன்க்கா அப்படிப் பண்ணினே?"

அக்கா யாருக்கோ மாத்திரையைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள்.

"அன்னிக்கு டாக்டர் வராந்தாவுல அப்பாகிட்டே சொல்லிட்டிருந்தார். கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும், பார்வை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னு. உன்கிட்டே மூச்சு விடக் கூடாதுன்னுட்டார் அப்பா. நான் உள்ளே வந்து புத்தகத்தைத் திறந்தா, அவளுக்குக் கண்ணு போயிடுச்சு."

அப்படியொரு ஆபத்து இருந்ததே தங்கைக்கு இன்றுவரை தெரியாது.

"நீ வேற அப்புறம், அப்புறம்னு நச்சரிச்சே. தினமும் பஸ்ல வரும்போதே யோசிச்சு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கத்துக்கு மேல நான் படிக்கவே இல்லடி. பயமா இருந்துச்சு. அப்புறம் எந்தக் கதைப் புத்தகத்தையும் தொடத் தோணலை."

பிறகு அக்காவே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீ முழுசாப் படிச்சிட்டேல்ல? கடைசியில அவளுக்குப் பார்வை வந்துச்சா?"

"வந்துடுச்சுக்கா," என்றாள் தங்கை.