நயினார் தோப்பு

"பட்ட மரத்தையெல்லாம் எங்கே பொதைச்சீங்க நயினாரே? உண்மையைச் சொல்லிடுங்க!"

தர்மநாத நயினார் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயையோ, நான் எதையும் பொதைக்கலீங்க சார். பட்ட மரம்னு எங்கிட்ட ஒண்ணுகூட கெடையாதுங்க."

நம்புகிற மாதிரியா இருக்கிறது? போன மாசம் அவலூர்பேட்டையில் ஒரே ஒரு சவுக்குத் தோப்பில் தலைகாட்டியது அந்த வெளிநாட்டுப் பூசண நோய். இன்றைக்குச் செஞ்சி வரைக்கும் பதினோரு தோப்பில் பத்து கருகிப் போச்சு. இவர் தோப்பு மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கிறதாம்!

மரநோய் ஆய்வாளர் கலியபெருமாளுக்கு மண்டை வெடித்தது. நோய் எப்படிப் பரவுகிறதென்று நாளைக்குள் எழுதித் தராவிட்டால், தாலுகாவில் ஒரு சவுக்கு விடாமல் வெட்டிக் கொளுத்தச் சொல்லிக் மேலிடத்திலிருந்து உத்தரவு. நல்ல மரமும் சேர்த்துத்தான். பாவம், மனுஷனுக்கு மூன்று நாளாய்ச் சோறு இறங்கவில்லை.

"காத்துல வருதுன்னா உங்களை மட்டும் வுட்டுட்டுப் போவுமா? தண்ணியா? நீங்களும் பக்கத்துத் தோப்பு பச்சமுத்துவும் ஒரே கெணத்துலதானே எறைக்கிறீங்க?"

"ஆமாங்க. ஒரே கெணறு, ஒரே மண்ணு. நாத்துகூட ஒரே எடத்துல வாங்கினதுதான்."

"அப்ப இன்னாதான் வித்தியாசம்?" தலையில் அடித்துக்கொண்டார் கலியபெருமாள். அழுகையே வந்துவிட்டது. "பச்சமுத்து சம்சாரம் கால்ல வுழுந்து அழுவுதுங்க. அதுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

இனி மரத்தைத்தான் கேட்கவேண்டும். காலையில் பச்சமுத்து தோப்பில் பட்டை சீவிய கத்தியை எடுத்தார். ஒட்டியிருந்த கருகிய பட்டைத்தூளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முதல் மரத்தை நெருங்கினார்.

நயினார் குறுக்கே வந்து கையை விரித்து நின்றார். "வேணாங்க சார்."

"சீவிப் பார்த்தாத்தானே உள்ளே நோய் இருக்குதான்னு தெரியும்? போன மாசம் ஒவ்வொரு தோப்பா இதே கத்தியாலதானே சீவிப் பார்த்துக்கிட்டு வந்தேன்! இங்கயும் வந்தேனே?"

"வந்தீங்க. அன்னிக்குச் சதுர்த்தசி. பச்சை மரத்துல கத்தி வைக்கிறது எங்க ஜைன வழக்கத்துல அந்த நாள்ல ஆவாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"சரி, அதுக்கு இன்னா இப்போ?"

நயினார் அந்தக் கத்தியையே பார்த்தார்.

"பதினோரு தோப்புல, நீங்க சீவாத தோப்பு இது ஒண்ணுதாங்க."