ராட்டினம் இறங்கும் வரை

பிள்ளைகள் இருவரையும் ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, நாகலெட்சுமி டிக்கட் விற்கும் தகரக் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, பாடசாலை நாள். வலயக் கல்விப் பணிமனையில் வேலை முடிந்து, அக்கரப்பத்தனை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், நுவரெலியா ஏரிக்கரைப் பூங்காவுக்குள் வந்திருந்தேன். மூத்தவள் லோஜினிக்குக் காய்ச்சல் என்று நாகலெட்சுமி காலையில்தான் பாடசாலை அதிபராகிய எனக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.

அந்தக் காய்ச்சல்காரி, மஞ்சள் கம்பளிச் சட்டையும் புதுச் சப்பாத்துமாக, நான்கு வயதுத் தங்கை தனுஷிகாவை இறுக்கி அணைத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தாள்.

பொய் சொல்லி ஊர் சுற்ற வந்ததைக் கண்டித்து விட்டுவிடலாம். ஆனால், பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒரு தாய் ஏன் ஒளிய வேண்டும்?

லோஜினி ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான் நம்பியிருக்கும் பிள்ளை. சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிப் பிள்ளையை அழைத்துப்போய், எவர் வீட்டிலோ வேலைக்கு விட்டுத் திரும்பிய பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களும் முதலில் புதுச் சப்பாத்துத்தான் வாங்கிக் கொடுத்தார்கள்.

வாசலருகே ஒரு வேன் இயந்திரம் அணைக்கப்படாமல் நின்றது.

நான் விரைந்து சென்று அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

“பிள்ளைகள மேல ஏத்திவிட்டுட்டு எங்க ஓடப் பாக்கிற?”

அவள் துள்ளிவிட்டாள். என்னை அடையாளம் கண்ட பின்னரும் அவளுடைய பார்வை ராட்டினத்தை விட்டு இறங்கவில்லை.

“ஐயோ, ஓடல டீச்சர். சத்தம் போடாதீங்க, புள்ளைங்களுக்குக் கேட்டுரும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத குத்தத்துக்கு நானே பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன்.”

“ராட்டினத்திலயா?”

“காலையிலயிருந்தே. பஸ்ஸுல சிங்கள போர்டெல்லாம் வாசிக்க வச்சேன். தங்கச்சிக்குச் சோறு ஊட்டச் சொன்னேன், தல பின்னச் சொன்னேன். அங்க ஏழரைன்னா இங்க பத்து மணின்னு மணிக்கூட்டுக் கணக்கும் சொல்லிக் குடுத்தேன். இப்ப நடக்குறது பரீட்சை.”

“எங்க ஏழரை?”

“குவைத்துலங்க.”

வேன் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியேறியது. நான் மணிக்கட்டை விடவில்லை. சாக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் நான்.

பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தேன். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருக்கும் பெருவிரலும் சுட்டுவிரலும் தோல் உரியும் அளவுக்குத் தேய்க்கப்பட்டு, வேறு யாருடைய விரல்களோபோல் வெளுத்திருந்தன.

“அவங்கப்பா தவறிப்போனதுக்கப்புறம் ஒத்த ஆள் சம்பளத்துல முடியல டீச்சர். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புற ஏஜென்சிக்காரருக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். எறங்கி வந்து, என்னையக் காணோம்னு பெரியவ அழுதா நான் போகமாட்டேன். அழாம சின்னவளப் பாத்துக்கிட்டான்னா, அவங்க அத்தைக்கிட்ட விட்டுட்டுப் போயிருவேன். முருகன் மேல சத்தியம் பண்ணிட்டேன்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“ஒண்ணும் தெரியாது. சோளம் வாங்கிட்டு வாறேன்னுதான் சொல்லியிருக்கேன்.”

அவர்கள் குடியிருக்கும் தோட்ட லயத்தின் ஒற்றைக் காம்பராவில், எந்தப் பேச்சுத்தான், எந்தச் சத்தியந்தான் பிள்ளைகளின் காதுக்குத் தப்பும்?

ராட்டினம் உச்சியில் சற்று நின்றது. மூடுபனி விலகிய இடத்தில் மஞ்சள் சட்டை தெரிந்தது. அது குனிந்து பூங்கா முழுவதையும் பார்த்தது. பிறகு மெதுவாகக் கீழே வந்தது.

லோஜினி முதலில் இறங்கினாள். தங்கையைத் தூக்கி இறக்கினாள். ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள்.

தாயைக் காணவில்லை.

தங்கையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். மூக்கைத் துடைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, பூங்காவின் நடுவிலிருந்த சீமெந்து யானையை நோக்கி நடந்தாள்.

“தொலைஞ்சா யானைகிட்டப் போயி நில்லுன்னு சொல்லியிருந்தேன்,” என்றாள் நாகலெட்சுமி. “காலையில தோட்டத்துப் பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேரு கூப்புடுற வரைக்கும் நாங்க நிக்கிற மாதிரி, அசையாம நிக்கணும்னு.”

லோஜினி அப்படித்தான் நின்றாள். நிமிர்ந்து, அசையாமல்.

நாகலெட்சுமியின் உதடுகள் அசைந்தன. பிள்ளை வெற்றி பெற வேண்டுகிறாள் என்றே நினைத்தேன்.

“அழுடி,” என்றாள் அவள், தனக்குள். “ஒரே ஒரு தடவ அழேன்டி.”

பிறகு பார்க்க மாட்டாமல் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆதலால் அடுத்து நடந்ததை நான் மட்டுமே பார்த்தேன்.

தனுஷிகா எங்கள் பக்கம் கையை நீட்டினாள். நாங்கள் நின்ற இடத்தைச் சரியாகக் காட்டினாள். “அம்மா” என்று கூப்பிட அவளுடைய வாய் திறந்தது.

லோஜினி அந்த வாயைப் பொத்தினாள். தங்கையின் முகத்தை யானையின் பக்கம் திருப்பினாள்.

தகரக் கூண்டு தரையில் நிற்பவர்களுக்குத்தான் மறைப்பு. ராட்டினத்தின் உச்சியில் இருப்பவர்களுக்கு அல்ல.

பின்னர் என் மாணவி, கூண்டின் ஓரத்தால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை நேராகப் பார்த்தாள். கண்களில் நீர் இல்லை. சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் மெல்ல அசைத்தாள்.

நாகலெட்சுமி சால்வைக்குள்ளிருந்து கேட்டாள்:

“அழுதாளா டீச்சர்?”

பொய் சொன்னதற்காக அவளைக் கண்டிக்க வந்தவள் நான்.

மணிக்கட்டை விட்டேன்.

“இல்லை,” என்றேன். “அழவில்லை.”