அலபாமாக்காரர்

ஜெர்மனியின் ஹம் நகரத்து இறைச்சித் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் உரித்த பன்றி சுமந்தவன் மரியநேசன். அமெரிக்கத் தெற்கத்திக் கறுப்பினத்தவரின் கொஸ்பல் எனும் தேவாலயப் பாட்டுக் குழுவில் இடம் கிடைத்த அன்றே வேலையை விட்டுவிட்டான்.

"நீ அலபாமாக்காரன், தெரியுதா?" என்றார் குழுவை நடத்தும் ஜெர்மன் முதலாளி. "அசல் அமெரிக்கர் என்றால்தான் சனம் டிக்கெட் எடுக்கும். பாட மட்டும் வாயைத் திற. குழுத் தலைவர் பெரிய ஜோ அலபாமாவிலேயே பிறந்தவர். அவர் சந்தேகப்பட்டால் நீ வெளியே."

"அந்த ஜோ ஊர் விசாரிச்சால் என்ன செய்வியள்?" என்று வீட்டில் கேட்டாள் மனைவி யோசப்பின்.

"இருமுவன்."

முதல் கச்சேரி. மேடையேறும் அவசரத்தில், கீழே கிடந்த கிட்டாரில் அவன் கால் பட்டுவிட்டது. கை தன்பாட்டில் கிட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

நிமிர்ந்தால், பெரிய ஜோ அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆறடி உயரம், வெள்ளைக் கோட்டு, முகத்தில் சிரிப்பில்லை.

மரியநேசன் இருமினான்.

ஜோ கிட்ட வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவன் காதுக்குக் குனிந்தார்.

"தம்பி, இஞ்சை தொட்டுக் கும்பிடாதையும், பிடிபட்டுப்போவீர். அந்தப் பழக்கத்தை விட எனக்கே மூண்டு வருஷம் எடுத்தது. அதுசரி, நீர் மன்னாரே, யாழ்ப்பாணமே?"