கம்பி மாற்றும் வேலை

கம்பியை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, வால்மீர் தன் நீல கிடாரோடு படுக்கையறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினான்.

கம்பி ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

முற்றத்து மாமரத்தடியில் திருவிழாச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. காலையில் நசரே மாதா ஊர்வலத்தில் வெயிலில் வெந்து வந்த சொந்தபந்தமெல்லாம் மரவள்ளி இலையும் இறைச்சியும் போட்டுக் காய்ச்சிய மனிசோபாக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தது. துள்ளல் பாட்டு இரண்டு வாசித்தாகிவிட்டது. இப்போது மனைவியின் தம்பி ஜில்வான், நெஞ்சை உருக்குகிற மாதிரி ஒரு காதல் பாட்டு வேண்டும் என்கிறான்.

துள்ளலுக்கு இருக்கிற கிடார் உருக்கத்துக்கு ஆகாது. வாசிக்காதவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வால்மீரிடம் மூன்று கிடார்கள் இருந்தன. ஊருக்குத் தெரிந்தது ஒன்று.

போன வருட ஊர்வலத்தில், மாதாவின் தேர்க் கயிற்றைப் பிடித்தபடி அவன் மனைவி நில்சாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். வீட்டில் ஒரே ஒரு கிடார். இரண்டாவது வாசற்படி மிதித்தால் முதலாவதும் சேர்ந்து தெருவுக்குப் போகும். நில்சா சொன்னால் செய்கிறவள். அவன் ஆசை ஆசையாகச் சேர்த்த பழைய ரேடியோக்களை ஒரே நாளில் கோயில் ஏலத்துக்குத் தூக்கிக் கொடுத்தவள்.

சத்தியத்தை மீறவில்லை என்பதுதான் வால்மீருடைய கட்சி. ஒரு நேரத்தில் கண்ணில் படுவது ஒன்றுதானே.

படகுகளுக்கு வண்ணம் பூசுகிற பெனே, மூன்றுக்கும் ஒரே டப்பாவிலிருந்து நீலம் அடித்துக் கொடுத்திருந்தான். முதல் கிடார் ஒருநாள் சுவரிலிருந்து விழுந்து, ஓரத்தில் நகமளவு வண்ணம் பெயர்ந்துபோனது. வால்மீர் மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக மடியில் கிடத்தி, அதே இடத்தில் வீட்டுச் சாவியால் குத்திப் பெயர்த்தான். அப்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வித்தியாசமெல்லாம் உள்ளேதான். கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து ஓசையைப் பிடிக்கும் காந்தங்களை, ஒன்றில் கணீரென்றும் ஒன்றில் கம்மலாகவும் பேசும்படி அவனே பார்த்துப் பார்த்து மாற்றியிருந்தான். ஒரே கிடாரில் இத்தனை குரலா என்று கேட்டவர்கள் கைராசி என்றார்கள். அவனும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வான்.

துள்ளல் கிடாரை அலமாரிக்குப் பின்னால் செருகினான். ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரைப் பலகையை நகர்த்திக் கையை விட்டான். உருக்கக் கிடாரின் கழுத்து அகப்பட்டது. இழுத்தால் வரவில்லை. ஏதோ ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஜில்வான் தட்டில் கரண்டியால் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். வால்மீர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தான். தலையெல்லாம் தூசி கொட்டியது.

கதவு திறந்தது.

நில்சா நின்றாள். கையில் அவனுக்கென்று எடுத்து வைத்த சாப்பாட்டுத் தட்டு. அவள் ஸ்டூலைப் பார்த்தாள். கூரையிலிருந்து தொங்கிய நீலக் கழுத்தைப் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த இன்னொரு நீலத்தையும் பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயை மறைக்க அந்தத் தட்டில் அவ்வளவு சோறும் இல்லை.

மூன்றும் போயிற்று என்று வால்மீருக்குத் தெரிந்துவிட்டது. மாதாவை நினைத்துக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது.

நில்சா தட்டை மேஜைமேல் வைத்தாள்.

“கம்பி மாத்தவா கெழவா இந்தப் பாடு படுறே? எறங்கு. கட்டிலுக்கு அடியில, என் பக்கம் பாரு. அங்க ஒண்ணு கம்பி மாத்தியே கெடக்கு.”

சொல்லிவிட்டு, பருப்புக்கு உப்புப் போதவில்லை என்று யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

கட்டிலுக்கு அடியில் அவன் எதையும் ஒளித்ததே இல்லை. அவள் முதலில் தேடுகிற இடம் அதுதான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

முட்டி போட்டுக் குனிந்தான். பழைய போர்வையில் சுற்றி ஒரு கிடார் கிடந்தது. பெனேயின் அதே நீலம். ஓரத்தில் நகமளவு பெயர்ப்பு, அதே இடத்தில்.

பெனே படுபாவி இரண்டு பக்கமும் வாயைத் திறக்கவில்லை. வாரத்தில் பாதி நாள் ஆற்றுப் படகில் சீட்டுக் கிழிக்கப் போகிற வால்மீர், வீட்டில் நடப்பதை எங்கே கண்டான்.

முற்றத்துக்கு வந்து, ஒலிபெருக்கியில் செருகி, முதல் கம்பியைத் தொட்டான். அவனுடைய மூன்றில் ஒன்றுகூட இப்படிப் பேசியதில்லை. ஜில்வான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

உள்ளே என்ன காந்தம், எங்கே பிடித்தாள், யார் பொருத்தினார்கள் என்று கேட்க நாக்குத் துடித்தது. பொறாமை வேறு. ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால் இரண்டாவது கிடார் என்ற பேச்சு வரும். பேச்சு வந்தால் சத்தியம் வரும். சத்தியம் வந்தால் நான்கும் தெருவுக்குப் போகும். வாழ்நாளில் கையில் எடுத்தவற்றிலேயே நல்ல கிடார் இது. இதைப் பற்றி அவன் சாகும்வரை ஒரு வார்த்தை பேச முடியாது.

எதிரே நில்சா தன் அக்காவிடம் கோழி விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள். அவள் இடது கை மேஜை விளிம்பில் இருந்தது. விரல்கள் சும்மா இல்லை.

பாட்டின் கடினமான இடத்தில், எப்போதும் போல, வால்மீரின் சுண்டுவிரல் தடுமாறியது.

நில்சாவின் சுண்டுவிரல், பேச்சு நிற்காமலே, மேஜையில் சரியான இடத்தில் போய் அழுந்தியது.