சிவப்பு மையில் எழுதியது

பேக்கரிப் பாணின் ஓரத்தில் பச்சைப் பூஞ்சணப் பொட்டு ஒன்றைக் கண்டதும், தம்பிஐயா ஆசுப்பத்திரி வாங்கிலில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக நகர முடிந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"உந்தப் பாணை அங்காலை எடும். காத்திலை பறந்து மூக்குக்குள்ளை போனாலும் நான் முடிஞ்சன்."

மனைவி மகாதேவி பாணை எடுத்துக்கொண்டாள். பச்சையை நகத்தால் சுரண்டிவிட்டு, மிச்சத்தைத் தான் தின்றாள். சண்டையில் பாதை அடைபட்டு, மாவும் மருந்தும் கப்பல் வந்தால்தான் உண்டு என்றிருந்த தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. சங்கக் கடையில் மூன்று மணித்தியாலம் நின்று வாங்கிய பாணை எறிய யாருக்கு மனம் வரும்? வாங்கிய அன்று பாண் அவருக்கு, பூத்த பிறகு அவளுக்கு. மூன்று வருசமாக அந்த வீட்டின் ஒழுங்கு இதுதான்.

மூன்று வருசத்துக்கு முன் தம்பிஐயாவுக்கு விடாத இருமல். கிளினிக்குக்கு ஒரு கொப்பி கொண்டுவரச் சொன்னார்கள். தாள் தட்டுப்பாட்டில் புதுக் கொப்பிக்கு எங்கே போவது? பெட்டிக்கு அடியில் கிடந்த பழைய மருந்துக் கொப்பி ஒன்றை எடுத்துப் போனார். கூரை ஒழுக்கில் நனைந்து முன்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பின்பக்கத்திலிருந்து எழுதினார்கள். அட்டையில் மட்டும் சிவப்பு மையில் பெரிதாக, 'பென்சிலின் ஒவ்வாது, போடக் கூடாது' என்று இருந்தது.

அந்த மருந்தைப் பூஞ்சணத்திலிருந்துதான் எடுப்பார்கள் என்று மருந்து தரும் அப்போதிக்கரி பரமலிங்கம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மீதியைத் தம்பிஐயாவே கூட்டிக்கொண்டார்.

உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. உடுவில் ஊரில் சீனி வருத்தக்காரர் நிறைய, பிரசர்காரர் அதைவிட நிறைய. பென்சிலின் ஒவ்வாதவர் அவர் அறிய அவர் ஒருவர்தான். கலியாண வீடுகளில் இதைச் சொல்லியே முதல் பந்தியில் இடம் பிடித்திருக்கிறார்.

ஐந்து நாளுக்கு முன் வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி காலில் விழுந்தது. இப்போது வீக்கம் முழங்காலை எட்டிவிட்டது.

டொக்டர் அருந்ததி காலை அழுத்திப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஐயா, விசம் ஏறத் துடங்கீட்டுது. எங்களிட்டை இருக்கிறது பென்சிலின் மட்டும்தான்."

"எனக்கு அது ஆகாது, டொக்டர் பிள்ளை. பாருங்கோ, சிவப்பாலை எழுதிக் கிடக்கு."

அவள் அட்டையைப் பார்த்தாள். "வேறை மருந்து எப்ப வருமெண்டு தெரியாது. நாளைக்கும் இப்பிடியே ஏறினால், முழங்காலுக்குக் கீழை எடுக்கத்தான் வேணும்."

தம்பிஐயா குனிந்து காலைப் பார்த்தார். ஊசி போட்டால் உயிர் போகும், போடாவிட்டால் கால் போகும். ஒற்றைக் காலோடு எப்படித் தோட்டம் கொத்துவது? அவர் பயந்துபோனார்.

மகாதேவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆள் இருந்தால் போதும், டொக்டர். தோட்டத்தை நான் கொத்துறன். மூத்தவள் பிறக்கேக்கை ஒரு கிழமை நான் நினைவில்லாமல் கிடந்தனான். ஆம்பிளையளை உள்ளுக்கை விடமாட்டினம் எண்டு இவர் வாசலிலையே நிண்டவர். வீட்டை போகேல்லை."

சொல்லிவிட்டு அழுதாள். பாண் துகள் அவளுடைய சேலையில் ஒட்டியிருந்ததை அவர் அப்போதுதான் கண்டார். வெட்கமாக இருந்தது.

"ஊசி போட்டு என்ன நடந்தது, ஐயா?"

"முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சும் நிண்டிட்டுது." மூன்று வருசமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. அவருக்கே இப்போது அது நன்றாக நினைவிருந்தது.

"எப்ப?"

"சின்னனிலையா இருக்கவேணும்."

"பூத்த பாண் திண்டு ஏதும் செய்ததோ?"

"நான் தொடுறேல்லை. இவதான் தின்னுறவ."

"பூஞ்சணம் எல்லாம் பென்சிலின் இல்லை. எண்டாலும், மேலாலை சுரண்டினால் போதாது, அம்மா. பாணுக்குள்ளை அது வேரோடியிருக்கும். வயித்துக்குக் கூடாது. நீங்களும் தின்னாதேங்கோ."

"எனக்கு உதொண்டும் செய்யாது, டொக்டர்," என்றாள் மகாதேவி. "இவருக்குத்தான் எல்லாம்."

அருந்ததி கொப்பியைத் திருப்பினாள். எந்த வருசம், எவ்வளவு மருந்துக்கு இப்படி நடந்தது என்று முன்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். சின்னக் கத்தியை ஒட்டியிருந்த தாள்களுக்கு நடுவே விட்டு, மெதுவாகப் பிரித்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை வாசித்தாள். பிறகு இன்னொருமுறை வாசித்தாள்.

நிமிர்ந்து தம்பிஐயாவின் மீசையைச் சற்று நேரம் பார்த்தாள்.

"நேர்ஸ், பென்சிலினை எடுங்கோ. முதல் தோலிலை கொஞ்சம் போட்டுப் பாப்பம்."

"என்னைக் கொல்லப் போறியளோ?" தம்பிஐயா வாங்கிலைப் பிடித்துக்கொண்டார். "அதிலை எழுதிக் கிடக்கெல்லோ?"

"ஓம், வடிவா எழுதிக் கிடக்கு," என்றாள் அருந்ததி.

"ஐயா, இந்த ஊசி உங்களுக்கு ஒவ்வாமல் போனது, நீங்கள் பிள்ளை பெத்த மூண்டாம் நாளாம்."