பெயரிடாத ஆரூடம்

எங்கள் லினக்ஸ் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அந்த இயங்குதளத்துக்கு வரும் ஆண்டில் நேரப்போவதை ஒவ்வொருவரும் வேடிக்கையாக எழுதி, பெயரிடாமல் பிஸ்கட் டப்பாவில் போடுவோம். வாசித்துச் சிரித்தபின் டப்பாவை மூடிவைத்து, மறு டிசம்பரில் திறப்போம்.

சென்ற முறை ரெஜினா ஒரு சீட்டை உரக்க வாசித்தாள்: “பிரிண்டர் முதல் முயற்சியிலேயே அச்சிடும். அந்த அதிர்ச்சியில் சேரலாதன் விண்டோஸுக்கு ஓடிவிடுவார்.”

குழுவைத் தொடங்கியவரே சேரலாதன் அண்ணன்தான். “எவன்டா எழுதுனது? மரியாதையா எந்திரி!” என்று அவர் அதட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். விண்டோஸில் மட்டுமே பணிசெய்யும் அலுவலகம் ஒன்று எனக்களித்த வேலையை, அண்ணனின் சொற்படி அந்த வாரம்தான் நான் மறுத்திருந்தேன்.

இம்முறை அவர் வரவில்லை.

“உனக்குத் தெரியாதா? நீ வேணாம்னு சொன்ன வேலையில ஜனவரியிலயே அண்ணன் சேந்துட்டாரு,” என்றாள் ரெஜினா.

டப்பாவைத் திறந்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். என் மடிக்கணினியில் ஒட்டியிருக்கும் லினக்ஸ் சின்னமான பெங்குவின் படத்தின் கீழே, ‘விலைபோகாதே, தம்பி’ என்று அண்ணன் எழுதித்தந்த அதே சாய்ந்த கையெழுத்து.

“சரி விடு. புதுசா ஒண்ணு எழுது, சிரிக்கிற மாதிரி,” என்று ரெஜினா பேனாவை நீட்டினாள்.

நன்றி கூறி வாங்கிக்கொண்டேன். எல்லோரும் சிரிக்கத் தயாராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.